முன்பக்கம் மட்டும் கறுத்த பிள்ளை

ஓதிலியா: இடுப்பு விட்டுப்போச்சு. இந்த இரும்பு நாற்காலியைச் செஞ்சவன் ஒரு ராத்திரியாவது இதுல உக்காந்து பாத்திருப்பானா?

எவேலியோ: தரையில படுங்க மதினி.

ஓதிலியா: படுத்தா வாட்ச்மேன் வந்து பூட்ஸ் காலால தட்டுறான். "அம்மா, இது ஆஸ்பத்திரி, ஆத்தங்கரை இல்ல"ங்கறான். ஆத்தங்கரையில நான் ஏன் தரையில படுக்கறேன்? அங்க எனக்கு வீடு இருக்கு!

எவேலியோ: மெதுவா...

ஓதிலியா: என்ன மெதுவா? படகுல வந்து, லாரியில வந்து, தம்பி புள்ளையைப் பாக்கணும்னு ஓடி வந்தவ. கொண்டுவந்த வாழைக்காய் போச்சு. புகை போட்ட மீனு போச்சு. எல்லாத்தையும் வாசல்லயே பிடுங்கிக்கிட்டான். நாறுதாம். அவன் அடிச்சிருக்கற சென்ட்டைவிடவா?

எவேலியோ: பிஸ்கட் இருக்கு. இந்தாங்க.

ஓதிலியா: இடது கையால நீட்டறே?

எவேலியோ: வலது கை சரியில்ல. வேலையில சிமெண்ட் அரிச்சிருச்சு. துணி சுத்தியிருக்கேன்.

ஓதிலியா: நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?

எவேலியோ: சிமெண்ட் அப்படித்தான். படும்போது தெரியாது. மறுநாள்தான் காட்டும்.

ஓதிலியா: ஓ... சிமெண்டுமா?

எவேலியோ: சாப்பிடுங்க மதினி.

ஓதிலியா: தொண்டையில இறங்கல. உள்ள உன் தங்கச்சி என்ன சாப்பிட்டா?

எவேலியோ: ஏதோ கஞ்சி குடுத்தாங்க. தொடல.

ஓதிலியா: எப்படித் தொடுவா? பெத்த உடம்பு இன்னும் ஆறல. புள்ளையைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க. மாரு கட்டிப்போயி, பாலு சட்டையெல்லாம் நனைச்சுக்கிட்டு சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. குடுக்கவான்னு கேட்டா, வேண்டாம், முதல்ல உன் பாலைப் பரிசோதிக்கணும்ங்கறாங்க. பாலை! அவ என்ன அங்க மண்ணெண்ணெயா வச்சிருக்கா?

எவேலியோ: அவங்களும் பயந்துட்டாங்க. ராத்திரி சிவப்பா இருந்த புள்ளை விடியும்போது கறுநீலமா கிடந்தா... துணி மாத்தப்போன நர்ஸம்மா போட்ட சத்தம் இங்கவரைக்கும் கேட்டுச்சே.

ஓதிலியா: பயந்தா பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்கவேண்டாமா? கோழியைத் தூக்கிட்டு ஓடற மாதிரி புள்ளையைத் தூக்கிட்டு ஓடறதா? குதிகாலைப் பாத்தியா நீ? கிளி கொத்தின கொய்யாப்பழம் மாதிரி இருக்கு. எத்தனை ஊசி!

எவேலியோ: ரத்தம் சிவப்பாத்தான் வருதாம்.

ஓதிலியா: வேற எப்படி வரும்?

எவேலியோ: கால்விரல்ல ஒரு கிளிப்பு மாட்டினாங்க. ரத்தத்துல மூச்சுக்காத்து சரியா ஓடுதான்னு அது சொல்லுமாம். சரின்னுதான் சொல்லுச்சு.

ஓதிலியா: அப்புறம் என்ன?

எவேலியோ: மெஷினு கெட்டுப்போச்சுன்னு வேற மெஷினு கொண்டுவந்தாங்க.

ஓதிலியா: அது என்ன சொல்லுச்சு?

எவேலியோ: அதுவும் சரின்னுச்சு.

ஓதிலியா: அதையும் மாத்திட்டாங்களா?

எவேலியோ: ம்.

ஓதிலியா: நல்லவேளை, புள்ளையை மாத்தாம விட்டாங்க.

எவேலியோ: சிரிக்கற நேரமா இது? இதயத்துல ஓட்டை இருக்கும்னு டாக்டர் சொல்றார். பனாமா நகரத்துக்குக் கொண்டுபோகணுமாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. அங்க தொடை வழியா ஒரு குழாயை விட்டு நெஞ்சுவரைக்கும் ஏத்திப் பாப்பாங்களாம்.

ஓதிலியா: குழாயா? புள்ளையே ஒரு முழம் இல்லியேப்பா!

எவேலியோ: மெல்லிசா இருக்குமாம்.

ஓதிலியா: யாருக்கு மெல்லிசு? எவேலியோ... இங்க பாரு. என் மூஞ்சியைப் பாரு. இதயத்துல ஓட்டையா?

எவேலியோ: டாக்டர் அப்படித்தான் சொல்றார்.

ஓதிலியா: நீயும் நம்ம எம்பெரா சனத்துலதானே பொறந்தே? பட்டணத்துல பேன்ட் போட்டுட்டா கண்ணும் மாறிப்போகுமா? சொல்லு. அது என்ன கறுப்பு?

எவேலியோ: சுவத்துக்கும் காது இருக்கு மதினி.

ஓதிலியா: நம்ம பேச்சு இங்க எந்தச் சுவத்துக்குப் புரியும்? சொல்லு.

எவேலியோ: ஹாகுவா.

ஓதிலியா: அப்பாடா. விடிஞ்சதுல இருந்து இப்பத்தான் வாயில இருந்து ஒரு உண்மை விழுந்துச்சு. ஹாகுவாக் காயைத் துருவிப் பிழிஞ்ச சாறு. நோயும் இல்ல, நொடியும் இல்ல.

எவேலியோ: சரி, நானும் கேக்கறேன். பூசினது யாரு?

ஓதிலியா: என்னையா கேக்கறே?

எவேலியோ: நேத்து சாயங்காலம் உள்ள போனது நாம ரெண்டுபேருதான். முதல்ல நீங்க, அப்புறம் நான். ஊருல இருந்து சாறு கொண்டுவந்தது யாரு? நானா?

ஓதிலியா: கொண்டுவந்தேன். இல்லைன்னு சொல்லுவேனா? எங்க குடும்பத்துல பொறந்த புள்ளைக்கு முதல் பூச்சு அத்தை கையாலதான். என் தம்பி லிசாந்த்ரோ பொறந்தப்போ எங்க அத்தை பூசினா. இப்ப அவன் புள்ளைக்கு நான் பூசணும். அதுக்காகத்தானே காயை ஏறிப் பறிச்சு, துருவி, துணியில முறுக்கிப் பிழிஞ்சேன்? மணிக்கட்டு இன்னும் விண்விண்ணுங்குது. ஆனா அந்தப் பாட்டிலை வாசல்ல வாட்ச்மேன் பிடுங்கினப்போ நீயும் பக்கத்துலதானே நின்னே? மோந்து பாத்தான். தண்ணியான்னான். சாறுன்னேன். சாராயமான்னான். குப்பைத்தொட்டியில வீசிட்டான்.

எவேலியோ: பாத்தேன்.

ஓதிலியா: அவன் கையைப் பாத்தியா? முழங்கைவரைக்கும் டிராகன். ஊசியால குத்தினது, செத்து மண்ணுக்குள்ள போனாலும் கூடவே வரும். அது ஸ்டைலு. என் சாறு பத்துப் பன்னெண்டு நாளுல தானா உதிர்ந்து போகும். அது குத்தம்!

எவேலியோ: வேற பாட்டிலு ஏதும் வச்சிருந்தீங்களா?

ஓதிலியா: எங்க வைக்க? இடுப்புத் துணிக்குள்ளயா? அதையும்தான் உதறிக் காட்டச் சொன்னானே அந்தப் பாவி. இத்தனை பேரு பாக்க உதறினேனே, அதை நீ பாக்கலையா? தலையைத் திருப்பிக்கிட்டே.

எவேலியோ: பாக்க முடியல மதினி. அதான் திருப்பிக்கிட்டேன்.

ஓதிலியா: வெறுங்கையோட உள்ள போனவளுக்கு விரல் நுனியில இருந்தா சாறு சுரக்கும்? புள்ளை தூங்குச்சு. நெத்தியைத் தொட்டேன். வெளியில வந்து இதே நாற்காலியில உக்காந்து அழுதேன். அப்ப நீ என்ன சொன்னே?

எவேலியோ: ஞாபகமில்ல.

ஓதிலியா: எனக்கு இருக்கு. "பூசலேன்னா என்ன குடியா முழுகிப்போச்சு? பழைய கதையை விடுங்க மதினி"ன்னே. சொல்லிட்டு எழுந்து போனே.

எவேலியோ: ஏதோ ஒரு எரிச்சல்ல...

ஓதிலியா: நீ சொல்லாம யாரு சொல்லுவா? மேஸ்திரி கரிக்கட்டைன்னு கூப்பிட்டான்னு, கழுத்துல வரைஞ்சிருந்ததை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சவன்தானே. தோலு உரிஞ்சுச்சு. கோலம் போச்சா?

எவேலியோ: போகல.

ஓதிலியா: போகாது. அது தோலுக்குள்ள இறங்கினது. மேஸ்திரிக்குப் பயந்தெல்லாம் போகாது. பூசாத புள்ளை கதவில்லாத வீடுப்பா. காய்ச்சலு, பூச்சி, கண்ணுக்குத் தெரியாதது, எது வேணும்னாலும் கேக்காம உள்ள வரும்.

எவேலியோ: அதான் யாரோ கதவு வச்சுட்டாங்களே. இப்ப ஆஸ்பத்திரிக்காரங்கதான் அதை உடைக்கறாங்க.

ஓதிலியா: யாரோ... ஒருவேளை உன் தங்கச்சியே...

எவேலியோ: அவுரெலீனாவை இழுக்காதீங்க! அவ நிக்கவே முடியாம கிடந்தா.

ஓதிலியா: ஏன் அப்படித் துள்ளறே? சும்மா கேட்டேன்.

எவேலியோ: அவ பூசல. அவ்வளவுதான்.

ஓதிலியா: ரொம்ப நிச்சயமா சொல்றியே... உஷ், அந்த நர்ஸு வருது.

நர்ஸ்: அவுரெலீனாவோட ஆளுங்க?

எவேலியோ: நாங்கதான் சிஸ்டர்.

நர்ஸ்: ஓ, நீங்களா? நேத்து கொசு ஓட்டிக்கிட்டு இருந்தவர். ஆம்புலன்ஸ் கிளம்பிருச்சு. கூட ஒருத்தர் வரலாம். அதுக்கு முன்னாடி கடைசித் தடவையா கேக்கறேன். புள்ளை உடம்புல ஏதாவது தடவினீங்களா? எண்ணெய், பச்சிலை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

எவேலியோ: இல்ல சிஸ்டர்.

நர்ஸ்: அம்மா, நீங்க?

ஓதிலியா: அவன்தான் சொல்றானே.

நர்ஸ்: நான் குத்தம் கண்டுபிடிக்க வரல. எனக்கே ஒண்ணும் புரியல. ஸ்பிரிட் வச்சுத் தொடச்சேன், துளிகூடப் போகல.

ஓதிலியா: பச்சைப்புள்ளை மேல ஸ்பிரிட்டா!

நர்ஸ்: வேற என்ன செய்யச் சொல்றீங்க? அதுவும் முன்பக்கம் மட்டும்தான் கறுத்திருக்கு. நெஞ்சு, வயிறு, கை, கால். திருப்பிப் போட்டா முதுகு பொறந்த நிறத்துலயே இருக்கு. என்ன நோய் ஆளைப் பாதியா பாத்துப் பிடிக்கும்? டாக்டர் இங்க வந்தே ஒரு மாசம்தான். நானும் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. இங்க இருந்த பழைய நர்ஸு லீவுல போயிருக்காங்க. யாரைக் கேக்கறது? குழந்தைநல ஆபீஸ் அம்மாவும் வந்து உக்காந்திருக்காங்க... யோசிச்சுச் சொல்லுங்க. வண்டி வந்ததும் வர்றேன்.

ஓதிலியா: ...போயிட்டா. கேட்டியா? பாதிப் புள்ளைக்கு நோயாம்!

எவேலியோ: கேட்டேன்.

ஓதிலியா: அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தா பாவமா இருக்கு. சொல்லித் தொலைச்சா என்ன? காய்ச்சாறும்மா, போயி புள்ளையைத் தாய்கிட்ட குடுன்னு.

எவேலியோ: சொல்லலாம். சொன்னா அடுத்த நிமிஷம் அந்த ஆபீஸ் அம்மா உள்ள வரும். உங்க ஊரு மேல்கரை செலிந்தா கதை மறந்துபோச்சா?

ஓதிலியா: எப்படி மறக்கும்?

எவேலியோ: இதே மாதிரி ஆஸ்பத்திரியில கேட்டாங்க, வெள்ளந்தியா சொன்னா. "ஆமாம்மா, நானே என் கையால பூசினேன்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. என்ன எழுதினாங்க? பொறந்த குழந்தைக்கு விஷம் தடவினான்னு எழுதினாங்க. மழை தொடங்கறப்போ எடுத்துக்கிட்டுப் போன புள்ளையை மழை முடிஞ்சுதான் குடுத்தாங்க. அது அவகிட்ட வரமாட்டேன்னு அழுதுச்சு. பெத்தவ வாசனையே அதுக்குத் தெரியல.

ஓதிலியா: விஷம்! கப்பல்ல வந்து இறங்கற வெள்ளைக்காரங்க நம்ம ஊருவரைக்கும் வந்து வரிசையில நிக்கறாங்க. எனக்கு ஒரு பாம்பு வரை, எனக்கு ஒரு பூ வரைன்னு தொடையைக் காட்டறாங்க. படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பறாங்க. அது அழகு! நம்ம புள்ளை மேல நாம பூசினா அது விஷம்! யாருய்யா இந்தச் சட்டத்தைப் போட்டது?

எவேலியோ: கத்தாதீங்க...

ஓதிலியா: கத்துவேன். அந்த ஆபீஸ்காரி காலையில உன் தங்கச்சிகிட்ட என்ன கேட்டா? வயித்துல புள்ளை இருக்கும்போது குடிப்பியான்னு கேட்டா. புருஷன் யாருன்னு தெரியுமான்னு கேட்டா. என் தம்பி ஆத்துல தண்ணி ஏறாம படகோட சேத்துல கிடக்கான். அவனைப் போயி தெரியுமான்னு!

எவேலியோ: நானும்தான் பக்கத்துல நின்னேன்.

ஓதிலியா: நின்னே. நின்னு என்ன செஞ்சே? "ஒண்ணும் தடவலைன்னு சொல்லு"ன்னு அவ காதுல ஓதினே. பெத்தவளைப் பொய் சொல்ல வச்சே. அந்தப் பொய்யைத்தான் இப்பக் குழாய் வச்சுத் தோண்டப் போறாங்க.

எவேலியோ: அப்ப இவ்வளவு தூரம் போகும்னு எனக்கென்ன தெரியும்? ரெண்டு நாளு பாப்பாங்க, புள்ளை நல்லாப் பாலு குடிக்குது, நல்லா அழுவுது, சரி போங்கன்னு விட்டுருவாங்கன்னு நினைச்சேன்.

ஓதிலியா: அவங்க எங்க புள்ளையைப் பாத்தாங்க? நிறத்தைத்தானே பாத்தாங்க?

எவேலியோ: என்னைத் திட்டுங்க. திட்டித் தீத்துக்கோங்க. ஆனா யோசிங்க. இங்க சேக்கறப்போ நான்தான் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். பட்டணத்துல வேலை இருக்கு, வீடு இருக்கு, அவங்க பாஷை பேசறான்னுதான் என் வீட்டுக்குத் தாயையும் புள்ளையையும் அனுப்பச் சம்மதிச்சாங்க. நம்ம ஆளுங்கதான் பூசினதுன்னு தெரிஞ்சா அந்தக் கையெழுத்து செல்லாது. அப்புறம் புள்ளையைக் கேட்டு வாங்க யாரு இருக்கா?

ஓதிலியா: நம்ம ஆளுங்கன்னு ஏன் பொதுவா சொல்றே? பூசினவ ஒருத்திதான். அவளுக்கும் உனக்கும் சம்பந்தமில்லைன்னா உன் கையெழுத்து செல்லும்தானே?

எவேலியோ: யாரு ஒருத்தி?

ஓதிலியா: நான்.

எவேலியோ: நீங்கதான் பூசலையே!

ஓதிலியா: பூச வந்தவதானே? என்கிட்ட இருந்து என்னத்தை எடுத்துப்பாங்க? வேலையா, வீடா? திட்டுவாங்க. இந்த வாசலை மிதிக்காதேம்பாங்க. நானா இந்த வாசலுக்கு ஏங்கிக் கிடக்கேன்?

எவேலியோ: வேண்டாம் மதினி. போலீஸ் வரும்.

ஓதிலியா: வரட்டும். ஜெயில்ல நாற்காலி இதைவிட நல்லாத்தான் இருக்கும்.

எவேலியோ: விளையாடாதீங்க. நான் சொல்றதைக் கேளுங்க...

ஓதிலியா: நீ சொன்னதைக் கேட்டதுலதான் இவ்வளவும். அங்க புள்ளை பசியில அழுவுது. கேக்குதா? இது அவன் குரல்தான். இத்தனை புள்ளைங்க அழுதாலும் எனக்குத் தெரியும். இனி ஒரு ஊசி அவன்மேல ஏற விடமாட்டேன். நர்ஸு வந்தா நான் பேசறேன். நீ வாயைத் திறக்காதே. கையையும் பாக்கெட்ல இருந்து எடுக்காதே.

எவேலியோ: கையா? கைக்கு என்ன?

ஓதிலியா: சிமெண்ட் புண்ணுன்னியே. காத்து படக்கூடாது.

எவேலியோ: மதினி...

ஓதிலியா: வர்றா. பேசாதே.

நர்ஸ்: வண்டி வந்துருச்சு. யாரு கூட வர்றது?

ஓதிலியா: யாரும் வரல. புள்ளையும் வரல. நான்தான் பூசினேன்.

நர்ஸ்: என்னம்மா சொல்றீங்க?

ஓதிலியா: ஹாகுவாக் காய்ச் சாறு. பூசும்போது தண்ணி மாதிரி இருக்கும், ஒண்ணுமே தெரியாது. விடிஞ்சாத்தான் கறுக்கும். எங்களுக்குப் பொறந்த புள்ளைக்கெல்லாம் பூசுவோம். ஸ்பிரிட் போட்டாலும் போகாது, நாளான பிறகு தானா போயிரும். இதயத்துல ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பெத்தவளுக்கு இது தெரியாது. இவனுக்கும் தெரியாது. நான் அத்தைக்காரி, மேல்கரைக்காரி, யாரையும் கேக்காம பூசிட்டேன்.

நர்ஸ்: காலையில இருந்து எத்தனை தடவை கேட்டேன்! அந்தக் குதிகாலைக் குத்தினது யாரு கைன்னு நினைச்சீங்க? என் கை. ஒவ்வொரு தடவையும் புள்ளை என் முகத்தைப் பாத்து அழுதுச்சு. நீங்க இங்க உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு...

ஓதிலியா: தின்னல. இறங்கல. திட்டுங்க, ஆனா புள்ளையை விடுங்க.

நர்ஸ்: நான் விட்டா ஆச்சா? டாக்டர் நம்பணுமே. உங்க பாட்டிலை உள்ளயே விடல, தொட்டியில போட்டுட்டேன்னு வாட்ச்மேன் ஏற்கெனவே சொல்லிட்டான். அப்புறம் எதை வச்சுப் பூசினீங்க?

ஓதிலியா: வேற... இன்னொண்ணு வச்சிருந்தேன்.

நர்ஸ்: சரி. முன்னாடி அவ்வளவு நறுவிசா பூசின நீங்க முதுகை ஏன் விட்டீங்க? சாயம்னா முதுகு ஏன் வெளுப்பா இருக்குன்னுதான் டாக்டர் முதல்ல கேப்பார்.

ஓதிலியா: அது... முதுகு... எங்க வழக்கம், முதல்ல முன்பக்கம்... அப்புறம்...

நர்ஸ்: அப்புறம்?

ஓதிலியா: தூங்கற புள்ளையைத் திருப்பக்கூடாதுன்னு...

நர்ஸ்: உங்களுக்கே தெரியலம்மா. புள்ளையை அனுப்பப் பயந்து ஏதோ சொல்றீங்க. எனக்குப் புரியுது. ஆனா இதை வச்சு வண்டியை நிறுத்த முடியாது. நான் போறேன்.

எவேலியோ: நில்லுங்க சிஸ்டர்.

ஓதிலியா: எவேலியோ! கை! கையை உள்ள வை!

எவேலியோ: போதும் மதினி, நீங்க எப்பவோ கண்டுபிடிச்சுட்டீங்க... சிஸ்டர், இந்தத் துணிக்குள்ள சிமெண்ட் புண்ணெல்லாம் இல்ல. பாருங்க, மூணு விரலும் புள்ளை நெஞ்சோட நிறம்தான், அந்தக் கிளிப்பை இதுலயும் மாட்டிப் பாருங்க, சரின்னுதான் சொல்லும். இவங்க அழுததைப் பாக்க முடியாம எழுந்துபோயி, தொட்டியில கிடந்த பாட்டிலை எடுத்துக்கிட்டு உள்ள போனேன். முன்பக்கம் முடிச்சுக் குப்புறப் போடத் தூக்கினேன், நீங்க மாத்திரைத் தட்டோட வந்துட்டீங்க. கொசு ஓட்டறேன்னு சொல்லித் துணியால மூடிட்டேன். அதான் முதுகு வெளுப்பு. டாக்டர்கிட்ட போகலாம் வாங்க, ஆபீஸ் அம்மா என் பேரை எழுதட்டும், தாய்மாமன் எவேலியோன்னு... மதினி, அத்தை பூசவேண்டியதை நான் எடுத்துப் பூசிட்டேன். ஆனா முதுகு இன்னும் பாக்கி இருக்கு. அது உங்களுக்கு நான் குடுக்கவேண்டிய கடன்.